மாப்பிள்ளையின் சட்டைப்பையில் இரண்டு ரூபாய் காபி

இன்று திருவொற்றியூரில் ஒரு காபி ஷாப்பில் மாப்பிள்ளை பார்த்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று இரண்டு வீட்டாரும் தனியாக அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு இருநூற்று நாற்பது ரூபாய் காபி சொன்னார். தனக்கு ஒரு கப் வெந்நீர். அது வந்ததும் சட்டைப்பையிலிருந்து இரண்டு ரூபாய் இன்ஸ்டன்ட் காபி பாக்கெட்டை எடுத்துக் கிழித்தார்.

மேனேஜர் ஓடி வந்தார். “சார், வெளிய இருந்து காபி கொண்டு வரக்கூடாது.”

“இது இன்னும் காபி ஆவலையே சார். பவுடராத்தானே கீது?”

மேனேஜர் யோசித்தார். “கலக்கினா காபி ஆயிடும் சார்.”

“அப்போ உங்க கடையிலதானே காபி ஆவுது? வெளிய இருந்து எங்க வந்துச்சு?”

மேனேஜர் யாரிடமோ போனில் கேட்கப் போய்விட்டார்.

நான் என் காபியை ஒரு வாய் குடித்தேன். மேலே நுரையில் இதயம் வரைந்திருந்தார்கள். கீழே இருந்தது வேப்பிலைக் கஷாயம். என் முகம் போன போக்கைப் பார்த்ததும், மாப்பிள்ளை தன் கப்பில் பவுடரையும் சர்க்கரையையும் போட்டுக் கலக்கி என் பக்கம் தள்ளினார்.

“நீங்க இத்த குடிங்க. அத்த நான் பாத்துக்கறேன்.”

கண்ணை இறுக மூடிக்கொண்டு என் காபியை ஒரே மடக்கில் குடித்தார். “இருநூத்தி நாப்பது ரூபா. வுட முடியுமா?”

இன்ஸ்டன்ட் நன்றாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து சம்மதம் சொல்லிவிட்டேன். “அப்பிடி இன்னாடி பேசிக்கினீங்க?” என்று அம்மா விடாமல் கேட்கிறாள். வேலை, சம்பளம், குடும்பம் எதையுமே நாங்கள் பேசவில்லை. அம்மாவிடம் சொல்ல கௌரவமான காரணம் ஒன்றை யாராவது கமெண்டில் போடுங்கள்.