பாக் ரோமின் மைக் கெட்டுப்போன கதை

பாக் ரோமின் கடையும் என் தையல் கடையும் ஒரே வீடு. நடுவில் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். பதினெட்டு வருஷமாகப் பலகைக்கு அந்தப் பக்கம் அவர் பேசியது எல்லாம் எனக்குக் கேட்டிருக்கிறது. நான் பேசியது அவருக்கு அதிகம் கேட்டிருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு எழும்பாது.

அவர் முழுப்பெயர் சாஹாரோம் பின் லாத்திப். ஊருக்கு அவர் பாக் ரோம். மைக் செட்டு வாடகைக்கு விடுகிறவர். கல்யாணம், சுரா என்கிற சின்னப் பள்ளிவாசலில் நபிகள் பிறந்தநாள், சீனர்களின் ஏழாம் மாதப் படையல், எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழா, எல்லாவற்றுக்கும் அவருடைய செட்டுதான். தேர்தல் வந்தால் காலையில் ஒரு கட்சிக்குக் கட்டிவிட்டு, சாயங்காலம் எதிர்க்கட்சிக்குக் கட்டுவார். நீ யார் பக்கம் என்று கேட்பவர்களிடம், "நான் ஒயர் பக்கம்" என்பார்.

பதினேழு வயதில் சந்தையில் மருந்து விற்கிறவன் ஒருவனுக்கு ஒலிபெருக்கி தூக்கிப் போனவர் அவர். மருந்தின் பெயர் காதில் தெளிவாக விழாவிட்டால் ஒருவனும் வாங்க மாட்டான் என்பதை அங்கே கற்றுக்கொண்டார். அதனால் மற்றவர்களைப்போல "ஹலோ ஹலோ" சொல்லி மைக்கைச் சோதிக்க மாட்டார். முதலில் "பாப்பா புக்கா பிந்து" என்பார், அப்பா கதவைத் திறக்கிறார் என்று அர்த்தம். காற்று மைக்கில் மோதிப் படபடக்கிறதா என்று பார்க்க அது. பிறகு "மாமா மினும் மாடு" என்பார். எங்கள் பிள்ளைகள் மாடு என்றதும் சிரிப்பார்கள். மலாயில் அது தேன், அம்மா தேன் குடிக்கிறாள் என்று அர்த்தம். மூக்கில் வரும் எழுத்து சுத்தமாக வந்துவிட்டால் மற்ற எழுத்தெல்லாம் தானாக வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

போன வருஷம் வாய்க்கால் மேல் புதுப் பாலம் திறந்தார்கள். திறக்க வந்தவர் எங்கள் சட்டமன்ற உறுப்பினர் டத்தோ ரொஸ்மாடி. அவர் கையை முத்தமிடுகிறவர்களும் உண்டு, அவர் பெயரைச் சொல்லிவிட்டுத் துப்புகிறவர்களும் உண்டு. மேடை ஏறினால் அவர் வாயில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. மேடையை விட்டு இறங்கினால் வேறு ஆள். என் அம்மா குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டையை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் அலைந்தார். குடியுரிமைக்கான நீல அட்டை கிடைத்தது டத்தோ கொடுத்த கடிதத்தால்தான். அன்றைக்கு அம்மாவின் கையைப் பிடித்து, சொந்த அம்மாவைப்போல "மாக்" என்று கூப்பிட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாலத்துப் பக்கம் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டம், பாக் ரோமின் செட்டு. என் கடையிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். நான் ஒரு பாஜு கூரோங் சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தேன். உர விலை, நெல் விலை என்று பேசிக்கொண்டே வந்த டத்தோ, டவுனில் இருக்கிற கடை எதுவும் நம் கையில் இல்லை என்றார். பிறகு, இந்தப் பெண்டாத்தாங் எல்லாம் எத்தனை நாளைக்கு நம் தலையில் உட்கார்ந்திருப்பது என்று கேட்டார். வந்தேறிகள். கை அரை அங்குலம் தள்ளித் தைத்துவிட்டது. பிரித்து மறுபடி தைத்தேன்.

யாரோ அதைக் கைப்பேசியில் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். எடுத்தவன் தூரத்தில் நின்றிருக்க வேண்டும், காற்றுச் சத்தம்தான் அதிகம். ஆனாலும் சீனர் சங்கம் ஒரு போலீஸ் புகார் கொடுத்தது, எங்கள் ஆட்கள் ஒன்று கொடுத்தார்கள். டத்தோவின் ஆட்கள் இவர்கள்மேல் மூன்று கொடுத்தார்கள். நான்காம் நாள் டத்தோ பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, தான் சொன்னது பெண்டாத்தாங் இல்லை, பெடாகாங் என்றார். அதாவது வந்தேறி இல்லை, வியாபாரி. மைக் சரியில்லை, உள்ளூர் செட்டு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிச் சிரித்தாராம்.

பாக் ரோம் அதைக் கோப்பிக் கடைத் தொலைக்காட்சியில் பார்த்தார். பாதிக் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு வந்து, அன்றைக்கு மத்தியானம் முழுக்க மைக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து டத்தோவின் செயலாளர் ஹில்மான் ஒரு தட்டச்சுத் தாளோடு வந்தான். மரியாதை தெரிந்த பையன், செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனான். அன்றைக்கு மைக்கிலும் ஒயரிலும் கோளாறு இருந்தது, சில சொற்கள் மாறி ஒலித்திருக்கலாம் என்று தாளில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினான். போலீஸ் கூப்பிடும்போது பாக் ரோம் இதைக் கொடுத்தால் போதும், வேறெதுவும் பேச வேண்டாம்.

"மைக்தானே பாக் ரோம், மனுஷனா? அதுமேல பழி போட்டா அது என்ன அழவா போகுது?"

"அது அழாது. நாளைக்கு என்னைத்தானே கேப்பாங்க."

"அவரு உள்ள போனா யாரு சந்தோஷப்படுவாங்கன்னு யோசிங்க. நம்ம ஆளு நம்ம கையாலயே விழணுமா?"

பிறகு கொஞ்சம் தணிந்த குரலில் காக் ஜாராவைப் பற்றி விசாரித்தான். காக் ஜாரா பாக் ரோமின் மனைவி. கிராமத்துப் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறூட்டும் வேலை. அந்த வேலைக்கும் டத்தோதான் கடிதம் கொடுத்தார். ஹில்மான் மிரட்டவில்லை. நல்லா இருக்காங்களா என்று மட்டும்தான் கேட்டான்.

அவன் போனதும் பாக் ரோம் என் கடை வாசலில் வந்து நின்றார். தாள் கையில் இருந்தது.

"தங்கா, அன்னிக்கு நீ இங்கதானே உக்காந்திருந்தே. ஒனக்கு என்ன கேட்டுச்சு?"

அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அம்மாவின் நீல அட்டை ஞாபகம் வந்தது. என் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போனால் அது எங்கெல்லாம் சுற்றுமோ என்று பயம். கேட்கவில்லை என்று சொன்னால் அவருக்கும் கையெழுத்துப் போடச் சுலபமாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"மெஷின் சத்தத்துல சரியா கேக்கல பாக்" என்றேன்.

அவர் என் மெஷினைப் பார்த்தார். "மெஷின் சத்தத்துல," என்று ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சரி, தங்கா."

மறுநாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு மாதத்தில் புகார்கள் எல்லாம் மூடப்பட்டன.

ஏழாம் மாதம் நெருங்கியபோது தே கிம் லெங் வந்தார். படையல் கமிட்டித் தலைவர் அவர்தான். சாமான் கடைத் தோக்கே, அதாவது முதலாளி. இருபது வருஷமாகப் படையலுக்கு பாக் ரோமின் செட்டைத் தவிர வேறு செட்டு வைத்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தான் வியாபாரியா வந்தேறியா என்று இன்னும் முடிவாகவில்லை, முடிவானால் கடைப் பலகையில் எழுதிவிடலாம் என்றார். பாக் ரோமும் சிரித்தார். பிறகு கிம் லெங் விஷயத்துக்கு வந்தார்.

"கமிட்டில சின்னப் பசங்க, தைப்பிங்லேர்ந்து செட்டு வைக்கலாம்னு சொல்றானுங்க. ஒன் செட்டு கெட்டுப்போச்சுன்னு நீயே போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டியாம். ஒன் மைக்க எனக்குத் தெரியாதா, ரோம்? நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் போயி அவனுங்க வாய அடைக்கிறேன்."

பலகைக்கு இந்தப் பக்கம் நான் மெஷினை மிதிக்காமல் இருந்தேன். மைக் நன்றாக இருக்கிறது என்று பாக் ரோம் சொன்னால், போலீஸில் கொடுத்தது பொய் என்று ஆகிவிடும். கிம் லெங் நல்லவர்தான், ஆனால் அவர் கடைக்கு வராத ஆள் இந்த ஊரில் இல்லை. சாயங்காலத்துக்குள் ஹில்மானின் காதுக்குப் போய்விடும்.

"சொல்லுலா. நல்லா இருக்கா, கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போச்சு, தோக்கே."

கிம் லெங் எழுந்து நாற்காலியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். போகும்போது என் கடைப் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். நான் குனிந்துகொண்டேன்.

அதற்குப்பிறகு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் கோயில் கமிட்டியும் தைப்பிங் செட்டுக்குப் போனது. கல்யாண வீடுகள் ஒவ்வொன்றாக நின்றன. சுராவில் மட்டும் பாங்கு சொல்கிற பழைய ஒலிபெருக்கி அவர் கட்டினது. அதைக் கழற்ற யாருக்கும் மனசு வரவில்லை. பாக் ரோம் காலையில் கடையைத் திறப்பார், பெட்டிகள்மேல் விழுந்த தூசியைத் தட்டுவார், வாசலில் உட்காருவார். உடம்புக்கு என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை, களைப்பு என்பார். வேலையே இல்லாதவருக்கு என்ன களைப்பு என்று காக் ஜாரா திட்டுவார்.

இந்த வருஷம் மாநிலத் தேர்தல் வந்தது. டத்தோ ரொஸ்மாடி மறுபடி நின்றார். அதே பாலத்துப் பக்கம், அதே சாயங்கால நேரம். அவருடைய கட்சியே செட்டுக்கு பாக் ரோமைக் கூப்பிடவில்லை. கோளாறான செட்டை வைத்துப் போன தடவை பட்டது போதாதா என்று யாரோ சொன்னார்களாம். தைப்பிங்கிலிருந்து லாரியில் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பெட்டிகள் வந்து இறங்கின. ஹில்மான் மட்டும் வழியில் வண்டியை நிறுத்தி, பாக் ரோமின் கையைப் பிடித்து சலாம் சொல்லிவிட்டுப் போனான்.

பாக் ரோம் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் மெஷினில் இருந்தேன். டத்தோ வாய்க்கால் தூர் வாரியதைச் சொன்னார், பாலத்தைச் சொன்னார். பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். தட்டினார்கள். இந்தத் தடவை ஒரு புகாரும் வரவில்லை. எல்லாருக்கும் அலுத்துப்போயிருந்தது.

"கேட்டுச்சா தங்கா?" அவர் திரும்பாமலே கேட்டார்.

"கேட்டுச்சு பாக்."

"மூக்கெழுத்து கொஞ்சம் மழுங்குது. பெட்டி பெருசா இருந்து என்ன?"

துணியை மெஷினிலிருந்து எடுத்தேன். இந்த ஒரு வாக்கியத்தை ஒரு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்தேன்.

"அன்னிக்கு ஒங்க மைக்ல மழுங்கல பாக். நல்லா கேட்டுச்சு."

அவர் தலையை ஆட்டினார். கோபம் இருந்தமாதிரி தெரியவில்லை. சட்டைக் கை ஒரு விரல் குட்டையாக இருக்கிறது என்று சொல்கிறவர்போலத்தான் சொன்னார்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்."

எழுந்து உள்ளே போனார். ஒயர் செருகுகிற சத்தம் வந்தது. பலகைக்கு அந்தப் பக்கம், கடைக்கு வெளியே போகாத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து வைத்து, "மாமா மினும் மாடு" என்றார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது. பிறகு ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தார்.