அவளுக்கும் சேர்த்துப் பேசியவள்

பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மிஷின் சத்தத்தில் எதுவும் காதில் விழாது என்பதால் குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வோம். எதிரில் நிற்பவள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். மில்லை மூடிய பிறகு எனக்குக் குரல் திரும்பிவிட்டது; கொஞ்சம் அதிகமாகவே திரும்பிவிட்டது என்பார் என் வீட்டுக்காரர். கூட வேலை பார்த்த என் தோழிக்குத் திரும்பவில்லை. புது ஆள் யாரைக் கண்டாலும் அவளுக்கு உதடு மட்டும்தான் அசையும். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், பிள்ளைகளின் பள்ளியில் எல்லாம் அவள் உதட்டைப் பார்த்து நான்தான் சத்தமாகச் சொல்வேன். அதைப் பெரிய உதவி என்று நினைத்திருந்தேன்.

மில் போன பிறகு இருவரும் ஒரு குடோனில் கழிவுப் பஞ்சு பிரித்தோம். அவளுக்கு இருமல் பிடித்தது. "இனிமே பஞ்சுத் தூசிப் பக்கமே போகக் கூடாதும்மா" என்றார் டாக்டர். வேறெங்கே போவாள்?

அப்போதுதான் சிங்காநல்லூரில் எங்கள் லைன் வீடுகளுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை மாணவர்களோடு வந்தார். ஹாஸ்டல் சாப்பாட்டுக் கழிவைத் தரம் பிரித்து உரமாக்க ஆள் வேண்டும், வேலையிழந்த பெண்களுக்கே கொடுக்கப் போகிறோம், பயிற்சியும் நாங்களே தருகிறோம் என்றார். மாணவர்கள் எங்களோடு தரையில் உட்கார்ந்து, வாழைப்பழத் தோல் ஒரு பக்கம், பிளாஸ்டிக் கவர் ஒரு பக்கம் என்று பிரித்துக் காட்டினார்கள்.

"ஏங்கண்ணு, வாழப்பழத்தையே கண்ணுல காங்காதவங்களாட்ட எங்களுக்குக் காட்டறீங்களே!" என்றேன். அந்தப் பிள்ளைகளே சிரித்துவிட்டார்கள். பயிற்சி முழுவதும் அவளும் நானும் ஒன்றாகவே போய் வந்தோம்.

ஆள் எடுக்கும் நாளில், பயம் தெரியாமல் இருக்கட்டும் என்று இரண்டிரண்டு பேராக உள்ளே கூப்பிட்டார்கள். நானும் அவளும் போனோம்.

"மெஸ்ஸுல பசங்க தப்பான தொட்டியில கொட்டுனா என்னங்க பண்ணுவீங்க?" என்று பேராசிரியை அவளைப் பார்த்துக் கேட்டார்.

அவள் உதடு அசைந்தது. நான் முந்திக்கொண்டேன். "கூப்புட்டு எடுக்கச் சொல்லுவாளுங்க மேடம். திட்ட மாட்டாளுங்க."

அடுத்த கேள்விக்கும் நான். அதற்கடுத்ததற்கும் நான். "இவ கூச்சப்படுவாளுங்க. நீங்க கேளுங்க, நான் சொல்றேன்." நடுவில் அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பயந்துபோய் இழுக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு இன்னும் சத்தமாகப் பேசினேன்.

எனக்கு வேலை கிடைத்தது. அவளுக்கு இல்லை. மெஸ்ஸில் நின்று மாணவர்களிடம் பேசும் வேலை, அவர் வாயே திறக்கவில்லையே என்றார்கள். நான் இடம் விட்டால்தானே திறப்பதற்கு?

திரும்பி வரும்போது காந்திபுரத்தில் பஸ் மாறினோம். அவள் சொன்னது ஒரே சொல்: "போச்சாது." பரவாயில்லை என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். யார் பேச்சிலாவது நல்ல சொல் ஒன்று விழுந்தால் அதை மிட்டாய்போல வாயில் போட்டுக்கொண்டு வீடு வரை வருகிறவள் நான். அன்று அந்தச் சொல் மட்டும் இனிக்கவில்லை.

அவள் குடோனுக்கே திரும்பினாள். நான் கழுத்தில் அடையாள அட்டையோடு மர நிழலில் உரம் கிளறினேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். சாயங்காலமானால் அவள் இருமல் கேட்கும். என் வீட்டுக்காரர் எழுந்து டிவி சத்தத்தைக் கூட்டுவார், எனக்காகத்தான்.

சில மாதங்கள் போன பிறகு, தாங்க முடியாமல் பேராசிரியையிடம் போனேன். "அவளுக்குப் பேச வராம இல்லீங்க மேடம். நான் பேச உடலீங்க. நான் இல்லாம ஒரு மத்தியானம் அவளை நிக்க வெச்சுப் பாருங்க."

 அவர், "நாங்களும் அவங்களைக் கேட்டுட்டு உங்க வாயைத்தானுங்க பாத்துட்டிருந்தோம்" என்றார்.

அவளை மெஸ்ஸில் நிற்க வைத்துப் பார்த்த மத்தியானம் நான் உரக்குழியைத் தாண்டக் கூடாது என்று என் தோழி கட்டளை போட்டாள். "நீ அங்க எட்டிப் பாத்தீன்னா நான் ஊட்டுக்குப் போயிருவேன், ஆமா! உன்ற வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடோணும்." கிளறியதையே திரும்பக் கிளறிக்கொண்டு நின்றேன். சாப்பாட்டு நேரத்தில் மெஸ்ஸின் தட்டுச் சத்தம் மில் சத்தம் மாதிரியே இருக்கும். அதற்கு மேலே ஒரு குரல் எழுந்தது.

"ஏனுங்க தம்பி! அந்தக் கப்பை எடுத்து இக்கட்ட, இந்தத் தொட்டியில போட்டுருங்க!"

யார் குரல் என்று ஒரு நிமிடம் எனக்கே தெரியவில்லை.

இப்போது அவளும் இங்கேதான் வேலை பார்க்கிறாள். பஞ்சுத் தூசி இல்லை. ஆனால் அந்த மாதங்களில் நெஞ்சில் இறங்கியது இன்னும் போகவில்லை. நேற்று ஒரு மாணவி, "மருந்து சாப்பிடறீங்களாக்கா?" என்று அவளைக் கேட்டாள். என் வாய் தானாகத் திறந்தது. அவள் என் காலை ஒரு மிதி மிதித்தாள். மூடிக்கொண்டேன்.

"சாப்படறேன் கண்ணு" என்றாள் அவளே. அடுத்த வார்த்தைக்குள் இருமல் வந்துவிட்டது. மாணவி தண்ணீர் எடுக்க ஓடினாள். என் தோழியின் முகத்தைப் பார்க்காமல், தொட்டியில் கொட்டிய சோற்றுக்குள் கிடந்த பிளாஸ்டிக் கவர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.