ஃப்ரீடா திறக்காத கதவு

ஸ்டாலின் எப்படிச் செத்தார்? ஐம்பத்தாறாம் வருஷம் மாஸ்கோவில் அடுப்படிக்கு அடுப்படி இதே பேச்சுதான். விஷம் வைத்தார்கள் என்றது ஒரு கட்சி. கூப்பிடாமல் உள்ளே போகப் பயந்து காவல்காரர்கள் பகல் முழுக்க வெளியிலேயே நின்றார்கள், அவர் தரையில் கிடந்தார் என்றது இன்னொரு கட்சி. பெரிய தலைகள் வந்து எட்டிப் பார்த்து, "தூங்குறாரு, விடுங்க" என்று போய்விட்டார்களாம்.

"எப்படிப் போனா என்ன, போனானே!" என்பாள் ஃப்ரீடா, முட்டைக்கோஸ் சூப்பைக் கிண்டிக்கொண்டே. இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி நர்ஸ்; வாய் கொஞ்சம் நீளம். "பத்து நாள் முன்னாடி போயிருந்தா என் லாசர் பொழச்சிருப்பார்."

லாசர் அவள் புருஷன், டாக்டர். யூத டாக்டர்கள் தலைவர்களைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்று ஐம்பத்துமூன்று ஜனவரியில் பேப்பரில் வந்த வாரமே, யாரோ மொட்டைக் கடிதாசி போட்டு அவரைப் பிடித்துப் போனார்கள். பிப்ரவரியில் சிறையிலேயே செத்தார். மார்ச்சில் ஸ்டாலின் போக, மற்ற டாக்டர்கள் ஏப்ரலில் வீடு திரும்பினார்கள். யாரோ என்ன யாரோ! ஐந்து குடித்தனம் ஒரே அடுப்படியில் புழங்கும் அந்த வீட்டில், எதிர் அறைக் கொன்றாத்தைத் தவிர வேறு யார் எழுதுவார்? அவன் வாயால் "நான்தான் எழுதினேன்" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அதற்காகவே அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீதானே எழுதினே?" தினமும் கேட்பாள்.

"காலம் அப்படி இருந்துச்சு, ஃப்ரீடா மொய்சேயெவ்னா. அந்த உப்பைக் கொஞ்சம் தள்ளுங்க," என்பான் படுபாவி.

அக்டோபரில் ஒரு நாள் காலை அவன் அறையில் தொப்பென்று சத்தம். பக்கத்து அறை லுகேரியா ஓடிப்போய்க் கதவருகே நின்றுவிட்டாள். "கூப்பிடாம எப்படிப் போறது? போன தடவை கதவைத் தட்டுனதுக்கே, வேவு பாக்குறேன்னு என் மேல புகார் எழுதிட்டானே!"

"தூங்குறான், விடு," என்றாள் ஃப்ரீடா. லுகேரியா வேலைக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஃப்ரீடா மொய்சேயெவ்னா... வாங்க... ஒண்ணு சொல்லணும்..."

என்னத்தைச் சொல்லப் போகிறான், டாக்டரைக் கூப்பிடச் சொல்வான். எந்த டாக்டரைடா கூப்பிட? கிட, நல்லாக் கிட! என் லாசர் அங்கே யாரைக் கூப்பிட்டாரோ! அவள் டீ போட்டுக் குடித்தாள். இன்னொரு டீயும் போட்டாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மனசு குளிர்ந்தது.

மத்தியானம்தான் கதவைத் திறந்தாள். கொன்றாத் தரையில் கிடந்தான். வாய் கோணி, வலது பக்கம் விழுந்துபோயிருந்தது. அவளைக் கண்டதும் கண்ணீர் வழிய, இடது கையால் அவள் பாவாடையைப் பிடித்தான். பிறகு அந்தக் கையை லாசரும் அவளும் இருந்த அறைப் பக்கம் நீட்டி, தன் நெஞ்சில் தட்டினான். உதடு துடித்தது. "ப்... ப..." அதற்கு மேல் வரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் கூப்பிட்டது டாக்டரைக் கேட்க இல்லை, அதைச் சொல்லத்தான்.

"சொல்லு! சொல்லித் தொலைடா!" சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "வாயைத் திறடா, பாவி!"

"ப..." என்றான் அவன். காலையில் அவனுக்குப் பேச்சு இருந்தது.