அவள் கட்டிய கேபிள்

எண்பதுகளில், ஜமுனாமரத்தூர்ப் பள்ளியில் என்னுடன் பணிபுரிந்த கஸ்தூரியும் நானும் வீட்டிலிருந்தே வானொலியில் பிறருடன் பேச உரிமம் தரும் அமெச்சூர் ரேடியோ தேர்வுக்கு ஒன்றாகவே படித்தோம். உரிமம் அவளுக்கு மட்டும் கிடைத்தது. வாழ்த்தினேன்; உள்ளுக்குள் வெந்தேன்.

செயற்கைக்கோள் வழியாக அவள் முதன்முதலாகப் பேசவிருந்த காலையில், அவள் வீட்டு மாடியில், செயற்கைக்கோள் நகர நகர ஆன்டெனாக் கம்பத்தைக் கையால் திருப்பும் வேலை எனக்கு. கம்பம் சுழல வேண்டுமானால் கேபிளில் தளர்வு வேண்டும். அவசரத்தில் அவள் அதை இழுத்துக் கட்டியிருந்ததைப் பார்த்தேன். சொல்லவில்லை.

"அக்கா, கொழும்புலேர்ந்து ஒருத்தரு பேசறாரு! இன்னும் கொஞ்சம் வடக்கால திருப்புங்க!" என்று கீழிருந்து கத்தினாள்.

கேபிள் விறைத்தது, கம்பம் கனத்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். திருப்பினேன். கேபிளின் முனை பிய்த்துக்கொண்டு வந்தது. கீழே ரேடியோவில் கொழும்புக்காரரின் குரல் அடங்கியது.

"இன்னாக்கா ஆச்சு?" என்று ஓடிவந்தவள், முனையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "எல்லாம் நான் கட்டுன லட்சணம். நீங்க பாத்திருந்தா அப்பவே சொல்லியிருப்பீங்க."

நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

செயற்கைக்கோள் அடுத்த சுற்று வருவதற்குள் முனையைச் சரிசெய்து, கேபிளைத் தாராளமாக வளைத்து நானே கட்டினேன். அந்தக் கொழும்புக்காரர் மீண்டும் கிடைத்தார். "கேபிள் கட்டுனது எங்க அக்காதாங்க!" என்று அவரிடம் அவள் பெருமையாகச் சொன்னது மாடிவரை கேட்டது.

அவள் இழுத்துக் கட்டியிருந்ததை நான் பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. கஸ்தூரி, இது அச்சாகும் இந்த இதழைத் தவறாமல் வாசிப்பவள்.