இரண்டு நம்பர் பெரிய ஷூ

பிள்ளையைக் கூடைப்பந்து கிளப்பில் சேர்க்கலாமா என்று இப்போதெல்லாம் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். மூலக்குளத்தில் எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டார் கேட்டுவிட்டார்கள். நான் என்னவோ ஆடித் தேர்ந்தவன் என்று நினைப்பு. என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே விளையாட்டுப் பொறுப்பு, ஆடப் போகிறவர்களின் சட்டையை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வது.

கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்பதை மனசுக்குள்ளாவது ஒப்புக்கொள்ளுங்கள். நாங்கள் சேர்த்தது உயரத்துக்காக. என் மனைவிக்குச் சொந்த ஊர் கனகசெட்டிக்குளம். அவளுடைய அண்ணன் தம்பிகள் எங்கள் வீட்டுக்குள் குனிந்துதான் வருவார்கள். எங்கள் பரம்பரையில் நிலைப்படியில் தலை இடித்துக்கொண்டவர் ஒருவரும் கிடையாது. மகளுக்குப் பதினொரு வயது, பள்ளிக்கூட வரிசையில் எப்போதும் முதல் ஆள். "எல்லாம் உங்க வூட்டு உசரம்" என்று மனைவி சொல்லும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும். கூடைப்பந்து ஆடினால் பிள்ளை நெடுநெடுவென்று வளரும் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்றுகூட விசாரிக்காமல் அந்த வாரமே சேர்த்துவிட்டேன்.

கோச் ஒரு பெண், மாநில அணிக்கு ஆடியவர். சேர்ந்த அன்று ஒவ்வொரு பெற்றோரிடமும் காரணம் கேட்டு எழுதிக்கொண்டார். ஒருவர் ஒழுக்கம் என்றார். இன்னொருவர் நாலு பேரோடு பழக வேண்டும் என்றார். ஓர் அம்மா, செல்போனைக் கீழே வைத்தால் போதும் என்றார். என் முறை வந்ததும் நான் உள்ளதைச் சொன்னேன்.

"உசரத்துக்கு மேடம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சார், இங்க பந்து கத்துக் குடுப்போம். உசரம் உங்ககிட்டருந்துதான் வந்திருக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். வெளியே வந்ததும், ஒழுக்கம் என்று சொன்னவர் என் பக்கத்தில் வந்து, "எத்தினி இன்ச்சு வரும்னு ஏதாவது சொன்னாங்களா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

அடுத்தது ஷூ. எங்கள் வீட்டில் எதையும் இந்த வருஷத்துக்கென்று வாங்குவதில்லை. பாவாடை வாங்கினால் அடியில் ஒரு சாண் மடித்துத் தைப்போம், யூனிபார்ம் வாங்கினால் தோள் முழங்கையில் வந்து நிற்கும். வளர்ற பிள்ளை. மகளுக்கு மூன்றாம் நம்பர் கால். நான் ஐந்தாம் நம்பர் வாங்கி, நுனியில் என் பழைய சாக்ஸ் ஒன்றைச் சுருட்டி அடைத்துக் கொடுத்தேன். "லொடலொடன்னு இருக்குப்பா" என்றாள். கால் வளர்ந்தால் சரியாகிவிடும் என்று சொன்னேன். ஞாயிறு தவறாமல் கதவு நிலையில் நிற்க வைத்துப் பென்சிலால் கோடும் போட்டேன். நாலு மாதமாகக் கோடு மேலே போகவில்லை, தடித்துக்கொண்டே வந்தது.

பயிற்சி சாயங்காலம் ஐந்தரைக்கு. நான் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து நேராக வந்து கோட்டோரம் நின்றுகொள்வேன். கோச் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடப் பழக்குவார், அதற்குக் குனிய வேண்டும். "குனி, இன்னும் குனி" என்பார். நான் வந்த காரியம் வேறு ஆயிற்றே, "குதிம்மா, குதி" என்று கத்துவேன். என் பக்கத்தில் பேத்தியைக் கூட்டிவரும் ஒரு பெரியவர் நிற்பார், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். அவர் பங்குக்கு "அலே, அலே" என்று, போ போ என்பதைப் பிரெஞ்சில் சொல்லி விரட்டுவார். பிள்ளைகள் பாவம், எதைக் கேட்பது என்று தெரியாமல் நடுவில் நின்றுவிடுவார்கள்.

ஒரு மாதம் பொறுத்த கோச், ஒருநாள் என்னைக் கூப்பிட்டு என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பதினெட்டு வருஷமாக ஷிப்ட் சூப்பர்வைசர். சங்கு ஊதியதும் கேட்டைச் சாத்துவது நான். ஒரு நிமிஷம் தாண்டி வந்தாலும் அரைநாள் போச்சு. பஸ் வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யார் வந்து நின்றாலும், "கடியாரத்துக்குக் காது கெடையாதும்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். முதுகுக்குப் பின்னால் என்னைச் சங்கு என்று சொல்வார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

"அப்ப மேட்ச்சுக்கு டைம் பாக்கறது நீங்கதான்" என்றார். சேர்க்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். போட்டி நாளில் மேசை வேலையெல்லாம் பெற்றோர் தலையில்தான் விழும். மேசையில் உட்கார்ந்தவர் கைதட்டக் கூடாது, கத்தவும் கூடாது. எனக்கு அது பதவி என்று பட்டது. அது என் வாய்க்குப் போட்ட பூட்டு என்பது மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

அந்தப் போட்டி ஒரு ஞாயிறு காலை. ஜெயிக்கிற அணி காரைக்காலுக்குப் போய் ஆடலாம். மகள் அணியில் இருந்தாள். அவள் குட்டையாக இருப்பதால்தான் எடுத்தேன் என்று கோச்சே சொன்னார், அவ்வளவு தாழ்வாகப் பந்தைத் தட்டிக்கொண்டு போனால் நெட்டைப் பெண்களுக்குக் கை எட்டாதாம். அவள் மூன்று நாள் முன்பே காரைக்காலுக்குப் பையைக் கட்டி வைத்துவிட்டாள். பல் துலக்கும் பிரஷ் அந்தப் பைக்குள் போய்விட்டதால் வீட்டில் விரலால்தான் துலக்கினாள்.

கடைசி நிமிஷத்தில் எதிரணி இருபத்தொன்று, நாங்கள் இருபது. என் இடது கையில் ஸ்டாப்வாட்ச், வலது கைக்கடியில் மணியின் சுவிட்ச். நேரம் முடிந்தால் தானாக அடிக்க வேண்டிய மணி எப்போதோ கெட்டுப்போனதால், வாட்ச்சைப் பார்த்து நான்தான் அழுத்த வேண்டும். பக்கத்தில் எதிரணிப் பெண் ஒருத்தியின் அம்மா புள்ளி எழுதிக்கொண்டிருந்தார். அவர் தாளை விட்டு நிமிரவே இல்லை.

ஆறு விநாடி இருக்கும்போது என் மகள் பந்தைப் பறித்தாள். குனிந்து, இரண்டு பெண்களின் கைக்கடியில் புகுந்து ஓடினாள். எதிரே யாரும் இல்லை. மூன்று விநாடி இருக்கும்போது வலது கால் ஷூ கழன்று, என் பழைய சாக்ஸோடு மைதானத்தின் நடுவில் கிடந்தது. அவள் தடுமாறி நிமிர்ந்து, ஒற்றை ஷூவோடு மறுபடி ஓடினாள். வாட்ச்சில் சுழியம் வந்துவிட்டது. பந்து இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

என் விரல் சுவிட்ச்சின் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை. பந்து அவள் கையை விட்டுக் கிளம்பிய பிறகுதான் அழுத்தினேன். மணி அடித்தது, பந்து வளையத்துக்குள் விழுந்தது.

பிள்ளைகள் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். பட்டாளத்துப் பெரியவர் வேறு யாருடைய பேத்தியையோ தன் பேத்தி என்று நினைத்துக் கட்டிக்கொண்டார். என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். நடுவர் தாளில் கையெழுத்துப் போட மேசைக்கு வந்தார். "எல்லாம் சரிதானே சார்?"

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் பார்க்கவில்லை, வாட்ச் என் கையில். மகள், யாரோ எடுத்துக் கொடுத்த ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு, தோள்மேல் இருந்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தாள். பதினெட்டு வருஷமாகக் கேட்டுக்கு வெளியே நிறுத்தித் திருப்பி அனுப்பியவர்கள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் இந்த ஒரு விநாடியை நான் கொடுத்ததில்லை.

"இல்ல சார்" என்றேன். "பந்து கையில இருக்கறப்பவே டைம் முடிஞ்சிடுச்சு. நாந்தான் லேட்டா அழுத்திட்டேன்."

"எவ்ளோ லேட்டு?"

"ஒரு செகண்டு."

புள்ளி எழுதிய அம்மா அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நடுவர் அந்த இரண்டு புள்ளியைத் தாளில் அடித்துவிட்டார். எங்கள் பிள்ளைகள் மகளை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார்கள்.

கோச் எதுவும் திட்டவில்லை. "அடுத்த மேட்ச்சுக்கும் நீங்கதான் சார் டைம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மனைவிதான் ஸ்கூட்டரில் ஏறியதும் ஆரம்பித்தாள். "ஒரு செகண்டு. அந்த வாட்ச்சு என்னா தங்கத்துலயா செஞ்சிருக்கு, முன்னபின்ன ஓடாதா?" மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வில்லியனூர் ரோட்டில் சிக்னலில் நின்றபோது மெல்லக் கேட்டேன்.

"நான் சொன்னதுக்கு எம்மேல கோவமாம்மா?"

"அதுக்கு இல்லப்பா."

"அப்பறம் எதுக்கு?"

"ஷூ கழலலன்னா ரெண்டு செகண்டு முன்னாடியே போட்டிருப்பேன்."

பச்சை விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். என் ஒரு விநாடியை நினைத்துத்தான் நான் இவ்வளவு நேரம் புழுங்கிக்கொண்டிருந்தேன். அவளுடைய இரண்டு விநாடியைக் கடையிலேயே, நாலு மாதம் முன்பே, எடுத்துக்கொண்டவனும் நான்தான். வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குப் போகாமல் வண்டியைத் திருப்பி அதே கடைக்கு விட்டேன். கடைக்காரருக்கு என்னைத் தெரியும். கேட்காமலே ஐந்தாம் நம்பரை எடுத்துக்கொண்டு வந்தார். "ரெண்டு வருசம் தாங்கும் சார், வளர்ற புள்ள."

"வேணாம்ப்பா. இன்னிக்கு இருக்கற காலுக்குக் குடு."

மூன்றாம் நம்பரைப் போட்டு, கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு, மகள் கடைக்குள்ளேயே ஒரு குதி குதித்தாள். நான் சொல்லவே இல்லை. ஷூ காலோடு போய்க் காலோடு வந்தது.