கழுகு தெரியாத டாலர்

என் வீட்டுக்காரருக்கு வெற்றிலை கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அவரைப் பிடித்திருந்த சனியன் வேறு. அந்தக் காலத்தில் கப்பல் வியாபாரத்தில் புழங்கிய வெள்ளி டாலர்களை, அதிலும் சீன வியாபாரிகள் முத்திரை குத்தியவையாகப் பார்த்துச் சேர்த்துக்கொண்டிருந்தார். கடற்கரைப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. சாயங்காலம் மயிலாப்பூர் டிராமைப் பிடித்து நேரே வீட்டுக்கு வருவாரா என்றால், மாட்டார். பினாங்கு, சிங்கப்பூர் போய் வந்தவர்கள் விற்றுவிட்டுப் போகும் வெள்ளியை உருக்குவதற்கு வாங்கிப்போடும் கடைகளில் நுழைந்து குவியலைக் கிளறிக்கொண்டிருப்பார். அவரோடு வேலை பார்த்தவர்கள் மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்த இடத்தில் மனை வாங்கினார்கள். இவர் மூளிக் காசு வாங்கினார்.

மூளிக் காசு என்பது நான் வைத்த பெயர். நல்ல வெள்ளி, கையில் கனமாக நிற்கும். ஆனால் முகமெல்லாம் குத்துப்பட்டு, பள்ளமும் மேடுமாக, பார்க்கச் சகிக்காது. வீட்டில் மூளியான பாத்திரத்தையே பூஜைக்கு வைக்க மாட்டோம், இதை எங்கே வைப்பது?

அவர் பொறுமையாக விளக்குவார். சீன வியாபாரி ஒருவன் கைக்கு டாலர் வந்தால், அதைத் தட்டிப் பார்ப்பான், நிறுத்துப் பார்ப்பான். வெள்ளி சுத்தம் என்று தெரிந்தால் தன் கடை முத்திரையை அதில் குத்திவிடுவான். நான் பார்த்தேன், நல்லது என்று அர்த்தம். அடுத்தவனும் அப்படியே தானாகச் சோதித்துத் தன் முத்திரையைக் குத்துவான்.

“அப்படின்னா ஒருத்தனும் இன்னொருத்தனை நம்பலை. அதுக்கா இவ்வளவு பெருமை?” என்று கேட்டேன்.

“நம்பாமலேயே எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லியிருக்காங்க பாரு” என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது.

அவற்றில் ஒரு மெக்சிகோ டாலர் அவருக்கு உயிர். அந்த நாட்டு டாலரில் வாயில் பாம்பைக் கவ்விய கழுகு ஒன்று இருக்கும். இவருடையதில் எத்தனை பேர் குத்தினார்களோ, கழுகு இருந்த இடமே தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை, போனால் போகிறது என்று, குத்துவிளக்கோடு அதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தேன். ஓர் ஓரத்தில் யாரோ மையால் எழுதியிருந்த சீன எழுத்து புளியோடு போய்விட்டதாம். மனுஷன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன்.

அவர் திட்டாததற்குக் காரணம் உண்டு. எங்களுக்கு அதற்குள் இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டுமே தங்கவில்லை. முதலாவது குப்புற விழக்கூட இல்லை. இரண்டாவது நடக்கப் பழகிக்கொண்டிருந்தபோது ஜுரத்தில் போயிற்று. அதற்குப் பிறகு நாங்கள் ஒருவரிடம் ஒருவர் குரலை உயர்த்துவதில்லை.

மூன்றாவது பெண்ணாகப் பிறந்தது. நான் அதன் முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூடப் பயந்துகொண்டிருந்தேன். சாந்தோம் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள்தான் அதைக் கண்டுபிடித்தாள். மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரி, வாய் நீளம், வீடு நிறையப் பிள்ளைகள். கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

“என் வூட்ல பொறந்தது அல்லாம் நின்னுக்கிச்சு. இத்த என் கைல குடு. நான் உனக்கு விக்கிறேன், நீ தவிட்டுக்கு வாங்கிக்க” என்றாள்.

பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற வழக்கம்தான். குழந்தையை வேறு ஒருத்தி கையில் கொடுத்துவிட்டு, அவளிடமிருந்து தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கவேண்டும். யாரோ பெற்றது, தவிட்டு விலைக்கு வந்தது, இதையா கொண்டுபோவது என்று எமன் விட்டுவிடுவானாம். வீட்டுக்காரருக்கு இதிலெல்லாம் துளி நம்பிக்கை கிடையாது. கேலி செய்வார் என்று நினைத்தேன். இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவரிடம் கேலி எங்கே மிச்சம் இருக்கும்? சரி என்று தலையாட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குளித்து, துவைத்த புடவை கட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் வைத்துக் குழந்தையை அவளிடம் கொடுத்தேன். அதன் நெற்றியில் சிலுவை போட்டு, தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் போனாள். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. விளையாட்டுக்குத்தான் என்று தெரியும், ஆனாலும் வாசற்படியை விட்டு இரண்டடி இறங்கிவிட்டேன். அவள் திரும்பி வந்து, வாசற்படிக்கு வெளியே முன்பின் தெரியாதவளைப் போல நின்றாள்.

“கொழந்த விக்கிறேன், வாங்கிக்கிறியாம்மா? இன்னா குடுப்ப?”

முறத்தில் தவிட்டை அள்ளி நீட்டினேன். அவள் கை நீட்டுவதற்குள் வீட்டுக்காரர் உள்ளே போனார். திரும்பி வந்து தவிட்டின் மேல் அந்தக் கழுகு தெரியாத டாலரை வைத்தார். தவிடு போதும் என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு அந்த முத்திரைகளின் கதையைச் சொன்னார், எனக்குச் சொன்ன அதே பொறுமையோடு. கடைசியில், “நெறைய பேர் பார்த்து நல்லதுன்னு சொன்ன காசு. எங்கிட்ட இதைவிட ஒசத்தியா ஒண்ணும் இல்லை” என்றார்.

அந்த நிமிஷத்தில் அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்தது. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பிரியம் வந்ததில்லை. அவள் டாலரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். குழந்தை என் கைக்கு வந்தது.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும், “எங்களுது இல்லீங்க, தவிட்டுக்கு வாங்கினது” என்பேன். ஊருக்கெல்லாம் இது வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை. என் பெண் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் யாரோ ஒட்டுக்கேட்டுவிடுவான் என்ற பயம். மீன்காரம்மாள் மட்டும் எதற்கும் பயப்படவில்லை. வாசலில் கூடையை இறக்கும்போதே, “என் சரக்கு எப்டி கீது?” என்பாள். குழந்தையின் கையைப் பிடித்துப் பார்ப்பாள், கண்ணைப் பார்ப்பாள், வயிற்றைத் தட்டிப் பார்ப்பாள். மீனைக்கூட அவள் அவ்வளவு சோதிப்பதில்லை. அம்மை வந்து குழந்தை துவண்டு கிடந்தபோது கூடையே இல்லாமல் வந்து, வேப்பிலை கட்டிய வாசலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போனாள்.

டாலரைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஒரே ஒருமுறை, “இந்நேரம் கொலுசாகியிருக்கும்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அது இருந்த தகரப்பெட்டியில் அந்த இடத்தை மட்டும் காலியாகவே விட்டிருந்தார்.

முதல் இரண்டும் தொடாத வயதை இவள் தாண்டட்டும் என்று காது குத்துவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். தெருவில் ஓடி, விழுந்து, முழங்காலைச் சிராய்த்துக்கொள்ளும் வயது வந்த பிறகுதான் நகை செய்யும் பத்தரை வரச்சொன்னோம். மீன்காரம்மாளும் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து டாலரை எடுத்துத் தட்டில் வைத்தாள். இத்தனை வருஷமும் கடலில் ஒன்றும் கிடைக்காத நாட்கள் அவளுக்கு எவ்வளவோ வந்திருக்கும். அதை அவள் விற்கவில்லை.

வீட்டுக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு முற்றத்து வெளிச்சத்துக்குப் போனார். திருப்பித் திருப்பிப் பார்த்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். சீன எழுத்துகளுக்கு நடுவே புதிதாக ஒரு குத்து. மீன் என்று பிறகு அவள் சொன்னாள், எனக்கு வேப்பிலை மாதிரிதான் இருந்தது. புளிக்கே சாப்பிடாமல் கிடந்தவராயிற்றே, இதற்கு என்ன செய்வாரோ என்று எனக்குத் திக்கென்றது.

“இது யார் அடிச்சது?” என்று மெதுவாகக் கேட்டார்.

“நான்தான் நைனா, எங்க பக்கத்து பத்தராண்ட சொல்லி அடிச்சேன். பாத்தவன் அடிப்பான்னு நீதான சொன்ன? நானும் தெனம் பாத்துக்கினுதான கீறேன். கொழந்த நல்லாகீது. அதான்.”

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கவே இல்லை. அதற்குப் பின்னால் கண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது. அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். இரண்டு குழந்தைகளுக்கும் சேர்த்து அழுதார் என்று நினைக்கிறேன்.

ஊசியோடு காத்திருந்த பத்தருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? மருண்டுபோய் நின்ற குழந்தையைப் பார்த்துவிட்டு, “அம்மா யாரும்மா? வந்து கையைப் புடிச்சுக்குங்க” என்றார்.

“நான்தான். என் பொண்ணு” என்றேன்.