பிஸ்கட் ஆலைக்கு அனுப்பிய ஆறு பேர்

ஐந்தாம் படிவம் முடித்துப் போகிற பிள்ளைகளுக்கு வேலைக்கு வழி காட்டுவதும் ஆலோசக ஆசிரியையான என் பொறுப்புதான். கோல சிலாங்கூர் பக்கத்து இடைநிலைப் பள்ளிக்கு வந்த புதிதில் அந்தப் பொறுப்பைத் துண்டுப் பிரசுரம் கொடுத்தே தள்ளிக்கொண்டிருந்தேன். வண்ண வண்ணமாக அச்சடித்த தாள்கள். பிள்ளைகள் அவற்றை விசிறிக்கொள்ளப் பயன்படுத்தினார்கள். அதைப் பார்த்து அவர்கள்மேல் எரிந்து விழுந்தேனே தவிர, என்மேல் கோபித்துக்கொள்ளத் தோன்றவில்லை.

ஒரு மாணவியால்தான் அந்தச் சோம்பல் கலைந்தது. பள்ளிப் பட்டறையில் கெட்டுக் கிடந்த மின்விசிறியைப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டி ஓட வைத்தவள் அவள். வாயைத் திறந்து பேசமாட்டாள். மேலே என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால், "தெரியல டீச்சர்" என்பதோடு சரி. அவளுடைய அப்பா எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். தேர்ச்சி அறிக்கை வாங்க வந்த அன்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

"எஸ்.பி.எம். பரீட்சை முடியறதுக்குள்ள கையில ஒரு வேலைக் கடிதம் வந்துச்சுன்னா சரி டீச்சர். இல்லாட்டி டவுன்ல துணிக்கடையில பேசி வச்சிருக்கேன். வூட்ல சும்மா ஒக்கார வைக்க முடியாது லா."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் என்னைக் குடைந்தது. மின்விசிறியைப் பிரித்த கை சேலை மடித்துக்கொண்டிருக்கப் போகிறதே என்று அன்று இரவே சுற்றுவட்டார ஆலைகளின் பட்டியலை எழுதினேன்.

மறுவாரம் காரை எடுத்துக்கொண்டு ஆலை ஆலையாகப் போனேன். பல இடங்களில் வாசல் காவலாளியைத் தாண்டவே முடியவில்லை. கடைசியில் ரவாங் போகிற வழியில் ஒரு பிஸ்கட் ஆலையில் கதவு திறந்தது. மேலாளர் ஒரு சீனர், அதிகம் பேசாதவர். பள்ளி விடுமுறையில் ஆறு மாணவிகளை இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். தேறினால் ஒருத்தியை இயந்திரம் பழுதுபார்க்கும் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ப்பதாகவும், வேலை செய்துகொண்டே கல்லூரிச் சான்றிதழும் வாங்கலாம் என்றும் சொன்னார். மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.

அனுப்புவதற்கு முன் அவளையும் சேர்த்து ஆறு பேரையும் உட்கார வைத்து ஒரு பிரசங்கம் செய்தேன். "பெரியவங்க யாரு வந்தாலும் எழுந்து நின்னு வணக்கம் சொல்லணும். கேக்காம எதையும் பேசக் கூடாது. ஸ்கூல் பேரைக் காப்பாத்துங்க." ஆறு தலையும் ஒன்றாக ஆடின. எனக்கு அப்படியொரு பெருமை.

நான்காம் நாள் ஆலையின் சூப்பர்வைசர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். புக்கிட் செந்தோசாவிலிருந்து வேலைக்கு வருகிற தமிழ்ப் பெண்மணி, கலகலப்பானவர்.

"டீச்சர், ஒங்க புள்ளைங்க மரியாதையில தங்கம். ஆனா பிஸ்கட்டெல்லாம் தரையில கெடக்கு."

நடந்தது இதுதான். ஓடுகிற பெல்ட்டின் இருபுறமும் உட்கார்ந்து உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்குவது பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களை அழைத்துக்கொண்டு மேலாளர் உள்ளே வந்திருக்கிறார். ஆறு பேரும் சட்டென்று எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "செலாமாட் பாகி, துவான்!" என்று மலாயில் 'காலை வணக்கம், ஐயா'வை வகுப்பில் பாடுகிற அதே ராகத்தில் பாடியிருக்கிறார்கள். எங்கள் பள்ளிகளில் எழுந்தவர்கள், வந்தவர் "உட்காருங்கள்" என்று சொல்லும்வரை உட்காரக் கூடாது. அவரோ விருந்தாளிகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பெல்ட் பாட்டுக்கு ஓடியது. பிஸ்கட் மலையாகக் குவிந்து சரிந்திருக்கிறது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "இந்த வாரத்தோட போதும்னு பாஸ் சொல்லிட்டாரு டீச்சர்" என்று அந்த அம்மா சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. வேலைக் கடிதத்துக்கு வேறு வழியே இல்லை.

உடனே கிளம்பினேன். வழியில் முன்னால் ஊர்ந்த லோரிக்கெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே போனேன். மேலாளர் அறையில் மலாய்மொழியில் என் வாய் அடங்கவில்லை. "எழுந்து நிற்கச் சொன்னது நான். உட்காரச் சொல்லாதது நீங்கள். பிள்ளைகள்மேல் ஏன் பழி போடுகிறீர்கள்?"

அவர் கோபப்படவில்லை. "டீச்சர், நீங்கள் ஆலைக்குள் எத்தனை நாள் வேலை செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஒரு நாள்கூட இல்லை. பிஸ்கட்டில் முடி விழாமல் எல்லாரும் மாட்டுகிற வலைத்தொப்பி ஒன்றை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். எனக்கு முகம் சுருங்கிப் போனது. ஆனாலும் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் அந்த பெல்ட்டில் உட்கார்ந்தேன். இடுப்பு கழன்றுவிட்டது. சூப்பர்வைசர் அம்மா இன்ஜினியரையே அதட்டுவதையும், அவர் "யா லா, யா லா" என்று திருத்திக்கொள்வதையும் பார்த்தேன். அங்கே கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம். நான் செய்து அனுப்பிய பிரசங்கம் தலைகீழ் என்று புரிந்தது. இரண்டாம் நாள் மாலை பிள்ளைகளிடம் சொன்னேன்.

"நான் சொன்னதையெல்லாம் மறந்துருங்க. யாரு வந்தாலும் கை நிக்கக் கூடாது. தப்பைப் பாத்தா யாரா இருந்தாலும் சொல்லணும்."

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் தலைக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நான் பெல்ட்டில் உட்கார்ந்ததைப் பார்த்த மேலாளர் இரண்டாம் வாரத்துக்குச் சம்மதித்தார்.

முடிய ஒரு நாள் இருக்கும்போது மறுபடி தொலைபேசி. இந்தத் தடவை சூப்பர்வைசர் அம்மாவின் குரல் கிசுகிசுத்தது.

"டீச்சர், பாஸ் போன் பேசிக்கிட்டே தலையில தொப்பி இல்லாம வந்துட்டாரு. பெல்ட் மேலயே குனிஞ்சு பாக்குறாரு. நம்ம வாய் பேசாத புள்ள 'துவான், தொப்பி'ன்னுச்சு. அவரு காதுல வாங்கல. செவப்பு பட்டனத் தட்டி பெல்ட்டையே நிப்பாட்டிருச்சு டீச்சர்!"

"அவர் என்ன சொன்னாரு?"

"விறுவிறுன்னு ரூமுக்குப் போயிட்டாரு."

முதலில் எழுந்து நில் என்று கெடுத்தேன், இப்போது எதிர்த்துச் சொல் என்று கெடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் இரண்டு தடவை மண்ணள்ளிப் போட்டவள் நான்தான் என்று அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் மேலாளரே அழைத்தார். "இத்தனை வருஷத்தில் என் தப்புக்காக யாரும் பெல்ட்டை நிறுத்தியதில்லை" என்றார். "கடிதம் தயாராக இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் அவளை வரச் சொல்லுங்கள்."

அப்போதே எஸ்டேட்டுக்குக் காரை விட்டேன். வீட்டு முன்னால் அப்பா லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொல்வதைக் கேட்டும் குழாயை மூடவில்லை.

"பொம்பளப் புள்ள, மெஷின் வேலையா டீச்சர்? துணிக்கடைன்னா நெழல்ல நிக்கும்."

நான் வரிந்து கட்டிக்கொண்டு பேச வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முன்னால் வந்தாள்.

"டீச்சர், அந்த மெஷினத் தொறந்து பாக்க வுடுவாங்களா?"

எனக்குத் தெரியாது என்றேன். என் கைப்பேசியை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, மேலாளரை அவளே அழைத்தாள். திக்காமல், மலாய்மொழியில், அதையே கேட்டாள். முதல் நாளே திறக்கலாம், ஆனால் திருப்பிப் பூட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "தெரியும் துவான்" என்றாள்.

அப்பா குழாயை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சேஃப்டி பூட்ஸ் அவ சைஸுக்கு எந்தக் கடையில டீச்சர் கெடைக்கும்?"